மடிப்புக்குப் போன பெரிய பையன்

முகாம்
ஜனவரி 9

அன்புள்ளவளுக்கு,

நலம். முழங்கால் வலி மட்டும் என்னைவிட ஒழுங்காக வேலைக்கு வருகிறது. உன் இருமல் விட்டதா? வெந்நீர் குடிக்கிறாயா, இல்லை அதையும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தால்தான் செய்வாயா?

போனில் பேசினால் 'சாப்பிட்டீங்களா'வைத் தாண்டியதுமே சண்டை வருகிறது, இனிமேல் கடிதம் எழுதிக்கொள்வோம் என்று சொன்னது நீ. சரி, எழுதுகிறேன். கடிதத்தில் ஒரு வசதி இருக்கிறது. நடுவில் போனை வைக்க முடியாது.

இங்கே மலையைக் குடைந்துகொண்டே இருக்கிறார்கள். நான் சரக்கறையில் உட்கார்ந்து நட்டையும் போல்ட்டையும் கொடுத்து வாங்குகிறேன். வேதியியலில் முதுகலை படித்தவன் செய்யவேண்டிய வேலைதான். அறை என்று பெயருக்கு ஒரு தகரப் பெட்டி. கூட இருப்பவர் ஒரு சர்வேயர். மனிதர் வாய் ஓய்வது தூங்கும்போது மட்டும்தான், அப்போது மூக்கு ஆரம்பித்துவிடும்.

நீ மாலை வகுப்பில் சேர்ந்ததைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்கிறேன். புகைப்படம், வடிவமைப்பு, பிராண்டிங். மகள் வேலைக்குப் போகும்போது விட்டுப்போன கேமராவைத் தூசி தட்டினாய், அதோடு நிற்கும் என்று நினைத்தேன். உங்கள் ஆசிரியர் (பெயர் மறந்துவிட்டது, தாடி வைத்திருப்பார் என்றாயே, தாடி என்றே வைத்துக்கொள்கிறேன்) வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்கச் சொன்னாராம், அன்றைக்குத்தான் நம் சமையலறை ஜன்னலையே நீ முதல்முதலாகப் பார்த்தாயாம். அந்த ஜன்னலை அந்தச் சுவரில் வைக்கச் சொல்லிக் கொத்தனாரோடு மல்லுக்கட்டியவன் நான். இத்தனை வருடம் அதன் வழியாக வெறும் காற்றுதான் வந்ததுபோல் இருக்கிறது. தாடி சொன்னதும் வெளிச்சம் வந்துவிட்டது.

சர்வேயரிடம் சொன்னேன். "வீட்டம்மா படிக்கிறாங்களா, நல்லதுங்க. இனியாச்சும் உங்க மூஞ்சிய ஒழுங்கா ஒரு படம் எடுப்பாங்க" என்றார்.

"என் மூஞ்சிக்கு என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்லீங்க. எப்பவும் எவனோ மீதிச் சில்லறை தராத மாதிரி வச்சிருக்கீங்க, அவ்வளவுதான்."

எடுத்த படம் ஏதாவது இருந்தால் அனுப்பு. கட்டாயம் இல்லை. உன் இஷ்டம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்னவன்


வீடு
ஜனவரி 27

அன்புள்ளவருக்கு,

இருமல் போய்விட்டது. வெந்நீர் குடிக்கிறேன், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. முழங்காலுக்குத் தைலம் வைத்து அனுப்பியிருக்கிறேன். தேய்ப்பதற்குச் சர்வேயரைக் கேட்காதீர்கள், பேசிப் பேசியே தைலத்தைக் காயவிட்டுவிடுவார் போலிருக்கிறது.

வகுப்பில் எல்லோரும் நம் மகள் வயதுப் பிள்ளைகள். முதல் நாள் ஒருத்தி "ஆன்ட்டி, நீங்க யாரோட அம்மா?" என்று கேட்டாள். "உன் பக்கத்து சீட்டோட அம்மா" என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்தேன். இப்போது அக்கா ஆகிவிட்டேன்.

முதல் பயிற்சி, ஆளே இல்லாமல் ஓர் ஆளைப் படம் எடுக்க வேண்டும். நான் உங்கள் நாற்காலியை எடுத்தேன். வலது கைப்பிடி மட்டும் தேய்ந்து பளபளப்பாக இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? காலை வெயில் சாய்ந்து விழும்வரை காத்திருந்து எடுத்தேன், இத்துடன் இருக்கிறது. ஆசிரியர் வெகுநேரம் பார்த்தார். "இந்த ஆள் இப்பத்தான் எந்திரிச்சுப் போனாரா, இல்ல போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டே இருக்கிறவரா?" என்றார். "ரெண்டும்தான் சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அதன் பிறகு ஒரு வாரம் முழுக்க ஒரே ஓர் எழுத்தை வரைந்துகொண்டிருந்தேன். எழுத்தை வரைகிறோம் என்று நினைக்கிறோம், உண்மையில் அதன் வயிற்றுக்குள் இருக்கும் வெள்ளை இடத்தைத்தான் வரைகிறோம். கை வலித்தது. ஆனால் இப்போது கடைப் பலகைகளைப் பார்த்தால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

ஒரு விஷயம். வருடக் கடைசி வேலையாக ஆளுக்கொரு சின்னத் தொழிலை எடுத்துக்கொண்டு, அதன் உறை, எழுத்து, படம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி வந்திருந்தார். பேச்சுவாக்கில் சொன்னேன்.

"அப்ப நம்ம சோப்ப எடுத்துக்குங்களேன் அண்ணி. அந்த உறை அப்பா காலத்துலேருந்து அப்படியே கிடக்கு."

"உங்க அண்ணன்கிட்ட கேக்கணும் தம்பி."

"கேளுங்க. என்ன சொல்வாருன்னு நானே சொல்றேன். 'உன் இஷ்டம்'பாரு. அப்புறம் ஆறு மாசம் முகம் குடுத்துப் பேச மாட்டாரு."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த உறையைப் பார்க்கிறேன். உங்கள் அப்பா எடுத்த படம். தம்பி வாளிக்குள் உட்கார்ந்து கண்ணை மூடிச் சிரிக்கிறார், நீங்கள் பக்கத்தில் நின்று குவளையால் அவர் தலையில் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். கடையில் ஒருவரும் சோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை, 'ரெண்டு பையன் சோப்பு' என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு ஆசையாக இருக்கிறது. உங்களுக்குச் சம்மதமா என்று எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்களவள்


முகாம்
பிப்ரவரி 8

அன்புள்ளவளுக்கு,

தைலம் கிடைத்தது, நானே தேய்த்துக்கொள்கிறேன். நீ நலமாக இருப்பாய், ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தாளி வரும் அளவுக்கு.

நாற்காலிப் படத்தையும் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. நான் இல்லாமல் நன்றாகத்தான் இருக்கிறது. தாடிக்கு என் நாற்காலியைப் பற்றி என்ன தெரியும் என்றுதான் புரியவில்லை. போகட்டும். ஒரு வகுப்பைச் சிரிக்க வைக்க என் கைப்பிடியாவது உதவியதே.

நம் தெருவில் ஒரு தையற்கடை இருக்கிறது. முனையில் சைக்கிள் கடை. அதைத் தாண்டினால் கடிகாரம் பழுது பார்ப்பவர், அவர் பலகையில் பாதி எழுத்து உதிர்ந்து கிடக்கிறது. இவர்களில் யாருக்கும் உறையோ எழுத்தோ வேண்டாமா? உனக்கு என் தம்பியின் சோப்புதான் அகப்பட்டதா?

அப்பா போன பிறகு அந்தச் சோப்புப் பட்டறையிலிருந்து நான் எப்படி வெளியே வந்தேன் என்பது உனக்குத் தெரியும். எண்ணெய்க்கு எவ்வளவு காரம், எந்தச் சூட்டில் கலக்க வேண்டும், எத்தனை நாள் காய வேண்டும், அதெல்லாம் என் தலையில் இருந்தது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கம்பியை இழுத்துச் சோப்புக் கட்டியை வெட்டுவது. ஆனாலும் பட்டறை அவன் கைக்குப் போனது. பறித்தான் என்றுதான் சொல்வேன், வேறு சொல் என்னிடம் இல்லை. இப்போது அதே கையால் உன் படிப்புக்கும் உதவ வருகிறான். 'நம்ம சோப்பு' என்றானாம். யார் அந்த நம்ம?

நான் என்ன சொல்வேன் என்று அவனே சொல்லிவிட்டான், அப்புறம் நான் சொல்ல என்ன இருக்கிறது? உன் இஷ்டம்.

இங்கே சரக்கறையில் தார்ப்பாய் திருட்டுப் போனது. என்னைத்தான் கேட்டார்கள். நான் அதைப் போர்த்திக்கொண்டா தூங்குகிறேன்?

உன்னவன்


வீடு
மார்ச் 6

அன்புள்ளவருக்கு,

நலம்தான். பதில் எழுத நாளாகிவிட்டது. உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு எழுதியிருந்தால் அது கடிதமாக இருந்திருக்காது. தார்ப்பாய் அகப்பட்டதா? முழங்கால் எப்படி?

'உன் இஷ்டம்' என்று எழுதியிருந்தீர்கள். சோப்பையே எடுத்துக்கொண்டேன்.

பட்டறைக்கு நாலு முறை போய்விட்டேன். அங்கே வெளிச்சம் மேலே கண்ணாடி ஓட்டிலிருந்து விழுகிறது, காரத்தின் ஆவி அதில் ஏறும்போது பார்த்துக்கொண்டே இருக்கலாம். கேமராவின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சலித்துப்போனேன். தம்பி கம்பியால் சோப்புக் கட்டியை வெட்டும்போது கையை மட்டும் எடுத்தேன். அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், பாருங்கள்.

உறை சுற்றும் பெண்களோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். பேசிக்கொண்டேதான் சுற்றுகிறார்கள், ஆனால் ஒன்றுகூடக் கோணவில்லை. பெரியம்மா ஒருவர் அங்கே மூத்தவர். "எப்படிம்மா இவ்வளவு நேரா மடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"பெரிய பையன் மூக்குல மடிக்கணும் கண்ணு. மூக்குல மடிச்சா சோப்பு நேரா உக்காந்துக்கும். கொஞ்சம் கன்னத்துக்குப் போச்சோ, அவ்வளவுதான், கோணிக்கும்."

உறையைப் பிரித்துப் பார்த்தேன், உண்மைதான். அப்பா காலத்தில் சோப்பு அகலமாக இருந்தது, படம் முழுக்க முன்பக்கத்தில் இருந்தது. பிற்பாடு சோப்பின் அகலத்தைக் குறைத்திருக்கிறார்கள், படத்தைக் குறைக்கவில்லை. அதனால் தம்பி நடுவில் இருக்கிறார், நீங்கள் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டீர்கள். சரியாக உங்கள் மூக்கில் மடிப்பு. பாதி முகம் முன்பக்கம், பாதி பக்கவாட்டில். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. தம்பியிடம் காட்டினேன். "அண்ணனுக்கு எழுதிடாதீங்க அண்ணி" என்றார். எழுதிவிட்டேன். உங்களிடம் மறைக்க எனக்குப் பிடிக்கவில்லை.

புது உறையில் உங்களை முன்பக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் என் எண்ணம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.
உங்களவள்


முகாம்
மார்ச் 14

அன்புள்ளவளுக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. இருக்கிறேன்.

கையின் படம் வந்தது. அறையில் வைத்து எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். சர்வேயர் எட்டிப் பார்த்து, "அடேயப்பா, கையா இது! நரம்பு ஒவ்வொண்ணும் பேசுது. யாரு கைங்க?" என்றார். "ஒரு முதலாளி கை" என்றேன்.

அந்த வெளிச்சத்துக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தாய்? கேட்கக் காரணம் இருக்கிறது. நானும் அதே பட்டறையில் அதே ஓட்டுக்குக் கீழே நின்று காரம் கலக்கியிருக்கிறேன். மத்தியானம் நீ சாப்பாடு கொண்டுவருவாய், வாசலில் வைத்துவிட்டு வாடை அடிக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுவாய். அப்போது உன்னிடம் கேமரா இல்லை, சரி. கண் இருந்தது அல்லவா?

மூக்கு விஷயத்துக்கு வருகிறேன். அவன் நடுவில், நான் மடிப்பில். இத்தனை வருடமாக என் முகத்தில் மடித்து மடித்து ஊரெல்லாம் விற்றிருக்கிறார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லையாம். எனக்கு நடந்தது எதையுமே யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. எல்லாம் தானாகவே நடந்து, தானாகவே அவனுக்குச் சாதகமாக முடிந்திருக்கிறது.

என்னை முன்பக்கத்துக்குக் கொண்டுவரும் எண்ணம் வேண்டாம். எனக்குப் பங்கில்லாத தொழிலில் என் முகத்துக்கு என்ன வேலை? உறையிலிருந்து என்னை எடுத்துவிடு. ஓரமும் வேண்டாம், நடுவும் வேண்டாம். இதை உன் தாடியிடமும் காட்டலாம், அவனிடமும் காட்டலாம்.

தார்ப்பாய் அகப்பட்டது. எலி கடித்திருந்தது.

உன்னவன்


வீடு
ஏப்ரல் 2

அன்புள்ளவருக்கு,

நான் நலம், நீங்கள் நலமில்லை என்று தெரிகிறது. சுருக்கமாகவே எழுதுகிறேன்.

ஆசிரியரிடம் கேட்டேன். 'ஒரு பொருளை ஜனங்க எதைச் சொல்லிக் கேக்குறாங்களோ அதுல கை வைக்காதீங்க' என்றார். தம்பியிடமும் காட்டினேன். "ரெண்டு பையன்ல ஒரு பையனை எடுத்தா அப்புறம் அது என்ன சோப்பு? வேணாம் அண்ணி, அண்ணன் கோவத்துல எழுதியிருக்காரு" என்றார்.

இரண்டு பேர் வேண்டாம் என்கிறார்கள். ஆனால் முகம் உங்களுடையது. அதனால் உங்களைத்தான் கேட்கிறேன், இன்னும் ஒரே ஒரு முறை. நிஜமாகவே எடுத்துவிடவா? ஆம் அல்லது இல்லை என்று தெளிவாக எழுதுங்கள். மாதக் கடைசியில் வேலை அச்சுக்குப் போகிறது. நீங்கள் எழுதுகிறபடியே செய்வேன்.

உங்களவள்


முகாம்
ஏப்ரல் 11

அன்புள்ளவளுக்கு,

நலம்.

ஒரு முறை சொன்னால் போதாதா? ஆம். எடுத்துவிடு.

அவன் என்னைப் பற்றி உன்னிடம் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டான், பார். கோபத்தில் எழுதியிருக்கிறேனாம். நான் கோபத்தில் எழுதுவதில்லை, நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். மூன்று பேர் உட்கார்ந்து என் முகத்தை வைப்பதா எடுப்பதா என்று பேசியிருக்கிறீர்கள், காட்சி நன்றாகத்தான் இருந்திருக்கும். தாடி நடுவில் உட்கார்ந்திருந்தாரா?

இங்கே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழும் சத்தத்தில் சர்வேயர் பேசுவது கேட்பதில்லை, அந்த வகையில் நிம்மதி. எடுத்துவிட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒன்றிரண்டு மாதிரி போட்டுப் பார்ப்பாய் அல்லவா? பார்த்துவிட்டு என்ன தோன்றியது என்று எழுது. அவசரமில்லை.

உன்னவன்


வீடு
மே 20

அன்புள்ளவருக்கு,

நான் நலம். தூக்கம்தான் குறைந்துவிட்டது. கூட வரும் பொட்டலத்தை முதலில் பிரித்துப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்களை எடுத்துவிட்டேன். உங்கள் கை, குவளை, நிழல் எதுவும் இல்லை. வாளி, வாளிக்குள் கண்ணை மூடிச் சிரிக்கும் பிள்ளை, மேல் விளிம்பிலிருந்து இறங்கும் தண்ணீர். அவ்வளவுதான். மற்றதெல்லாம் வெள்ளை. எழுத்தை நானே வரைந்தேன். ஒரே நிறம், நீலம். அப்பாவின் படத்தில் இருந்த சொரசொரப்பை அப்படியே விட்டுவிட்டேன்.

மதிப்பிட வந்தவர்கள் மூன்று பேர். ஓர் அம்மாள் உறையைக் கையில் வைத்துக்கொண்டு தலையைத் தூக்கி மேலே பார்த்தார். என்ன பார்க்கிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. "தண்ணி எங்கேருந்து வருதுன்னு பார்த்தேன்மா" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வகுப்பில் முதலாவதாக வந்திருக்கிறேன். ஆசிரியர் தன் கருத்தை மாற்றிக்கொண்டதாக எல்லோர் முன்னாலும் சொன்னார்.

தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணன் எழுதினாரா, நிஜமாவா?" என்று மட்டும் கேட்டார். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். அச்சுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இனி ஒரு வேடிக்கை. புது உறையில் சுற்றிய முதல் கட்டு முழுக்கக் கோணல்! ஒன்றுகூட நேராக இல்லை. பெரியம்மா என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். "பெரிய பையன எடுத்துட்டா நாங்க எதப் பாத்து மடிக்கிறது? படிச்சவங்க செய்யுற வேலையா இது?" மூக்கு இருந்த இடம் வெறும் வெள்ளையாக இருக்கிறது, அவர்களுக்கு மடிக்க அடையாளமே இல்லை. நானும் யோசிக்கவில்லை, ஆசிரியரும் யோசிக்கவில்லை. திரும்பவும் அச்சுக்கு ஓடி அந்த இடத்தில் ஒரு சின்ன நீலப் புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். இப்போது நேராக வருகிறது. அந்தப் புள்ளிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பெரிய பையன். "பெரிய பையன்ல மடிடி, பேசிக்கிட்டே எங்கயோ மடிக்கிறே" என்று பெரியம்மா இளையவர்களை விரட்டுகிறார்.

கடைகளிலிருந்து சரக்கு கேட்டு ஆள் வருகிறார்கள். பட்டறையில் உறை, விளம்பரம், படம் எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணி, சம்பளத்துக்கு, என்று தம்பி கேட்டிருக்கிறார். எனக்கு விருப்பம். உங்களுக்கு எப்படி?

உங்களவள்


முகாம்
ஜூன் 3

அன்புள்ளவளுக்கு,

நலம். முதலாவதாக வந்ததற்கு வாழ்த்துகள். உறை நன்றாக இருக்கிறது. உண்மையாகத்தான் சொல்கிறேன். பழையதைவிட எவ்வளவோ நன்றாக இருக்கிறது. இத்தனை வருடம் அந்த உறை நன்றாக இல்லாமல் போனதற்குக் காரணம் எது என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சோப்பைச் சர்வேயர் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நல்லா இருக்கே! யாருங்க தண்ணி ஊத்துறது?"

"யாரோ."

"யாரோ இல்லீங்க. பையன் சிரிக்கிற சிரிப்பப் பாத்தா நல்லாத் தெரிஞ்ச ஆளுதான். தெரியாத ஆள் ஊத்துனா பிள்ளை அழும்."

அவர் அந்தச் சோப்பைப் போட்டுக் குளித்துவிட்டு வாசனை பிரமாதம் என்றார். இருக்காதா? அந்த வாசனைக்கு அளவு போட்டது யார் என்று சொல்லியிருக்கலாம். உறையிலேயே இல்லாதவன் சொன்னால் யார் நம்புவார்கள்? நான் இப்போது புள்ளி. பெண்கள் நகத்தால் அழுத்தி மடிக்கும் புள்ளி.

வேலை விஷயத்தில் நான் சொல்ல என்ன இருக்கிறது. அவன் கேட்டான், நீ விரும்புகிறாய், தாடி வழிகாட்டுவார். உன் இஷ்டம். இங்கே என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று மேலாளர் கேட்டார். இருக்கிறேன் என்று சொல்லிவிடப்போகிறேன். அங்கே எனக்கென்று நின்றுபோன வேலை எதுவும் இல்லை. எல்லாம் நேராகத்தான் மடிகிறது.

உன்னவன்


வீடு
ஜூன் 24

அன்புள்ளவருக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் நலம்.

இந்தக் கடிதத்தைக் கோபத்தில் எழுதவில்லை. நான்கு நாள் தள்ளிப்போட்டு, வகுப்பெல்லாம் முடிந்து, மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்களை எடுக்கச் சொல்லி எழுதியபோது, எடுக்கமாட்டேன் என்று நான் சொல்ல வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்தது எனக்குத் தெரியும். இரண்டாவது முறை கேட்டபோதும் அதுதான். ஒன்றிரண்டு மாதிரி போட்டுப் பார், என்ன தோன்றியது என்று எழுது என்றீர்களே, அந்த வரியை நிறையத் தடவை படித்தேன். தெரிந்தும் எடுத்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

பட்டறை பிரிந்த அன்று நான் கதவோரம் நின்றிருந்தேன். தம்பி உங்கள் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். "நீ இருந்தாத்தான் அண்ணே பட்டறை. எனக்கு வெட்டத்தான் தெரியும், கலக்கத் தெரியாது" என்றார். "எனக்கு ஒண்ணும் வேணாம், எல்லாத்தையும் நீயே வச்சுக்க" என்றீர்கள். அவர் திரும்பவும் கேட்டார். நீங்கள் திரும்பவும் அதையே சொன்னீர்கள். விளக்கு வைக்கும் நேரம்வரை கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு முறை கேட்பான் என்று நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தீர்கள். அவர் கேட்கவில்லை, களைத்துவிட்டார். எழுந்து போகும்போது சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அதை நீங்கள் பார்க்கவில்லை. இதற்குப் பறிப்பது என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். நானும் இத்தனை நாள் மறுத்துப் பேசவில்லை.

நான் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பியது வாடைக்காக இல்லை. "உள்ள வராத, கண்ணு எரியும்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். வா என்று சொல்லியிருந்தால் வந்திருப்பேன்.

எனக்கும் களைப்பாக இருக்கிறது. நீங்கள் எழுதுவது ஒன்று, நான் கண்டுபிடிக்க வேண்டியது வேறொன்று. அதனால் இனிமேல் எழுத்தில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் படிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். உன் இஷ்டம் என்றீர்கள், வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டேன். இரண்டு வருடம் இருக்கிறேன் என்று எழுதினால் இரண்டு வருடம் என்றே எடுத்துக்கொள்வேன். வர வேண்டாமா, வந்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கமாட்டேன். முன்னறையில் கணினிக்கு மேசை போட வேண்டும். நாற்காலியை மாடிக்கு ஏற்றிவிடுவேன்.

ஒன்றை மட்டும் எழுத்திலேயே வைக்கிறேன், நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நீங்கள் வந்தால் எனக்குச் சந்தோஷம்.

உங்களவள்


முகாம்
ஜூலை 19

அன்புள்ளவளுக்கு,

நலமில்லை. முழங்கால் வீங்கியிருக்கிறது. தூக்கமும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்?

இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று நீளமானது, அதில் உனக்குப் பதில் இருந்தது, கதவோரத்திலிருந்து உனக்கு எல்லாம் சரியாகத் தெரிந்திருக்காது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். இன்னொன்றில் ஒரே வரி. இரண்டையும் அனுப்பவில்லை.

இரண்டு வருட நீட்டிப்பு வேண்டாம் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, உங்கள மாதிரி ஆள் கிடைக்காது" என்றார். யோசித்துவிட்டேன் சார் என்றேன். அவர் இன்னொரு முறை கேட்கவில்லை, நானும் நிற்கவில்லை. வெளியே வந்தபோது சர்வேயர் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "என்னங்க, சில்லறை வந்துடுச்சா?" என்றார். ஒப்பந்தத்துக்கு மேல் வேலை செய்த நாட்களுக்குச் சம்பளம் வாங்கியாயிற்று, அதைச் சொல்கிறார் என்று நினைத்து ஆமாம் என்றேன்.

அன்று அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியாது.

எனக்குப் பொறாமை. அவன் மேல் ரொம்ப நாளாக இருக்கிறது. தாடி மேல் ஜனவரியிலிருந்து. உன் மேல்தான் அதிகம். இந்த வயதில் ஒன்றைப் புதிதாகத் தொடங்கி முதலாவதாக வந்திருக்கிறாய், நான் தொடங்கியது எதுவும் என் கையில் இல்லை. வந்துவிட்டால் இது போய்விடும் என்று உனக்குச் சொல்ல முடியவில்லை. போகாது என்றுதான் நினைக்கிறேன். நீ பட்டறையில் அதிகாரம் செய்வதைப் பார்த்துக்கொண்டு இருப்பது எனக்குச் சுலபமாக இருக்காது.

உறையில் என்னைத் திரும்ப வைக்க வேண்டாம். அது உன் வேலை, நன்றாக வந்திருக்கிறது.

கலக்கும் வேலை எனக்கு வேண்டும். சின்னவனிடம் நானே கேட்கிறேன். நீ முன்கூட்டியே எதுவும் சொல்லிவைக்காதே. இடமில்லை என்றால் இடமில்லை என்றே கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, ரொம்ப நாளாகக் கேட்க வேண்டியது. தாடிக்குக் கல்யாணமாகிவிட்டதா?

சனிக்கிழமை மாலை ரயிலில் வருகிறேன். சாமான் அதிகம். ஸ்டேஷனுக்கு யாராவது வந்தால் நன்றாக இருக்கும்.

யாராவது இல்லை. நீ வா.

உன்னவன்